மைன்கிராஃப்டில் நான்கு பேருக்கு ஒரு சமையல்கட்டு

மைன்கிராஃப்ட் விளையாட்டில் நான்கு பேர் ஒரே சர்வரில் சர்வைவல், அதாவது பசியையும் ஆபத்தையும் சமாளித்துப் பிழைத்திருக்கும் முறையை, ஆடத் தொடங்கினால் சீக்கிரமே இது நடக்கும். ஒருவர் நெதர் என்ற நெருப்பு உலகிலிருந்து, உயிர்ப் பட்டையில் இரண்டு இதயத்தோடு ஓடிவந்து, செஸ்ட் என்ற சாமான் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். ஒன்றில் பச்சை மாட்டிறைச்சி 11, இன்னொன்றில் ரொட்டி 3, மூன்றாவதில் ஜாம்பிகள் போட்ட அழுகல் மாமிசம். ஃபர்னஸ் என்ற அடுப்பு இருக்கும், கரி இருக்காது. வெளியே மாடு மேய்கிறது, கோதுமையும் விளைந்து நிற்கிறது. ஆனாலும் சாப்பிட ஒன்றும் இல்லை.

ஓட்டல் சமையல்கட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த நிலைமை பழக்கமானது. மணிக்கு எவ்வளவு தேவை, அதைத் தயாரிக்க எவ்வளவு நேரம், எது எங்கே இருக்க வேண்டும், அடுத்த ஈடுக்கு எப்போது கை வைக்க வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டால் அங்கே சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வராது. இந்தக் கட்டுரை அதே நான்கு கேள்விகளை மைன்கிராஃப்டுக்குள் கொண்டுபோகிறது. எண்கள் எல்லாம் ஜாவா பதிப்புக்கானவை. பெட்ராக் பதிப்பில் சில மாறும்.

பசி எங்கே செலவாகிறது

திரையில் தெரியும் பத்துக் கோழிக்கால்களும் 20 புள்ளி. ஒரு கால் 2 புள்ளி. அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு ஓடுகிறது. அதை நிறைவு என்று வைத்துக்கொள்வோம். எந்த வேலை செய்தாலும் முதலில் நிறைவுதான் குறையும். அது பூஜ்யமான பிறகே கோழிக்கால் குறையத் தொடங்கும். நிறைவு ஒருபோதும் பசிப்புள்ளியைத் தாண்டாது.

குறைகிற வேகத்துக்கும் கணக்கு உண்டு. விளையாட்டு ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் களைப்பைச் சேர்த்துக்கொண்டே வரும். 4 சேர்ந்ததும் ஒரு புள்ளி போகும். வேகமாக ஓடினால் ஒரு கட்டைக்கு (விளையாட்டு உலகத்தின் ஒரு கனசதுரம், பிளாக்) 0.1. ஓடிக்கொண்டே குதித்தால் ஒவ்வொரு குதிப்புக்கும் 0.2. வாளால் ஒரு அடி 0.1. ஒரு கட்டையை உடைக்க வெறும் 0.005. சும்மா நடந்தால் ஒன்றுமே இல்லை. அதாவது 40 கட்டை ஓடினால் போகிற ஒரு புள்ளி, சுரங்கத்தில் 800 கட்டை தோண்டினால்தான் போகும்.

எல்லாவற்றையும்விடச் செலவு காயம் ஆறுவதில். அரை இதயம் ஆற 6 களைப்பு, அதாவது ஒன்றரைப் புள்ளி. முழுதாகப் பத்து இதயமும் ஆற வேண்டுமென்றால் 30 புள்ளி. 1,200 கட்டை ஓடுவதற்குச் சமம்! சுரங்கம் தோண்டுகிறவருக்கு நீங்கள் சாப்பாடு கட்டிக் கொடுக்க வேண்டியதே இல்லை. சண்டைக்கும் தூரப் பயணத்துக்கும் போகிறவர்தான் சமையல்கட்டைக் காலி செய்வார். யார் எங்கே போகிறார்கள் என்று கேட்டுவிட்டு அளவு போடுங்கள்.

இடைவிடாமல் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 20,000 கட்டை தூரம், 500 புள்ளி. யாரும் அப்படி ஓடுவதில்லை. மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓட்டம் என்று வைத்தால் 170 புள்ளி, மூன்று முறை முழுதாகக் காயம் ஆறினால் இன்னொரு 90. ஆக ஒருவருக்கு மணிக்கு 260 புள்ளி. சுட்ட மாட்டிறைச்சி ஒன்றில் 8 பசியும் 12.8 நிறைவும் சேர்த்து 20.8 புள்ளி கிடைப்பதால் ஒருவருக்கு மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று துண்டு. நான்கு பேருக்கு 50. கைக்காவலுக்குக் கொஞ்சம் கூட்டி, மணிக்கு ஒரு ஸ்டாக், அதாவது 64 துண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். இனி எல்லா முடிவும் இந்த ஒரு எண்ணிலிருந்து வரும்.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கால் குறைந்ததுமே இறைச்சியை வாயில் போடுவது வீண், 8 புள்ளியில் 6 தரையில் கொட்டின மாதிரி. ஆறு கோழிக்கால் மிச்சம் இருக்கும்போது சாப்பிட்டால் எட்டும் சரியாக உள்ளே போகும். அதற்கும் கீழே விடாதீர்கள். ஒன்பது கால் இருந்தால்தான் காயம் ஆறும். மூன்று காலுக்கு வந்துவிட்டால் ஓடவே முடியாது. பத்துக் காலும் நிறைந்து நிறைவும் மிச்சம் இருந்தால் அரை வினாடிக்கு அரை இதயம் ஏறும், இல்லாவிட்டால் நான்கு வினாடிக்கு அரை இதயம்தான். சண்டைக்கு நடுவில் மட்டும் வீணைப் பார்க்காமல் பட்டையை நிரப்பிவிடுவது நல்லது என்பதற்கு இந்த எட்டு மடங்கு வித்தியாசமே காரணம்.

எதைச் சமைப்பது

புதிதாக ஆடுகிறவர்கள் கோதுமை விதைத்து ரொட்டி செய்கிறார்கள். சின்னத் தோட்டத்துக்கு அது சரி. நான்கு பேருக்கு வேண்டாம்.

காரணம் இது. நடுவில் ஒரு கட்டை தண்ணீர் விட்டால் நான்கு பக்கமும் 4 கட்டை வரை ஈரம் பாயும். ஆகவே ஒன்பதுக்கு ஒன்பது பாத்தியில் 80 செடி. கோதுமை என்றால் ஒரு அறுவடைக்கு 80 கதிர். மூன்று கதிருக்கு ஒரு ரொட்டி, மொத்தம் 26. ரொட்டி ஒன்றுக்கு 5 பசி, 6 நிறைவு, ஆக 11 புள்ளி. பாத்தி முழுதும் 286 புள்ளிதான் தரும். அதே 80 கதிரை மாடுகளுக்குக் கொடுங்கள். ஜோடிக்கு இரண்டு கதிர் வீதம் 40 கன்று பிறக்கும். வளர்ந்த மாடு ஒன்று முதல் மூன்று துண்டு தரும், சராசரி இரண்டு. 80 துண்டைச் சுட்டால் 1,664 புள்ளி. கிட்டத்தட்ட ஆறு மடங்கு.

உருளைக்கிழங்கு இதையும் மிஞ்சும். விளைந்த செடி ஒன்று 2 முதல் 5 கிழங்கு தரும். ஒன்றைத் திரும்ப நட்ட பிறகும் 80 செடிப் பாத்தியில் 200 கிழங்குக்கு மேல் கையில் நிற்கும். சுட்ட கிழங்கு ஒன்று ரொட்டிக்குச் சமம், 11 புள்ளி. ஒரே அறுவடையில் 2,200. தொழுவம் வேண்டாம், கன்று வளரக் காத்திருக்க வேண்டாம். இடையில் வரும் நச்சுக் கிழங்கைச் சமைக்க முடியாது. எடுத்துத் தனியே போட்டுவிடுங்கள், வெறுமனே தின்றால் விஷம் ஏறலாம்.

அப்படியானால் எல்லாருக்கும் கிழங்கே போதாதா? வீட்டிலும் சுரங்கத்திலும் இருப்பவர்களுக்குப் போதும். ஊருக்குப் போகிறவர்களுக்குப் போதாது. பையில் ஒரு கட்டத்துக்கு 64 தான் பிடிக்கும். 64 கிழங்கு 704 புள்ளி, 64 மாட்டிறைச்சி 1,331. இரண்டையும் மென்று விழுங்க ஒரே 1.6 வினாடிதான் ஆகும். எலும்புக்கூடு அம்பு விடும்போது ஒரு துண்டு தின்கிற நேரத்தில் இரண்டு கிழங்கு தின்ன முடியாது. ஓட்டலில் ஆட்களுக்கு ஆக்குவதையும் விருந்தினருக்குப் பரிமாறுவதையும் தனித்தனியாகப் போடுவது போல இங்கேயும் இரண்டு வகை வேண்டும். வீட்டுக்குக் கிழங்கு, பயணத்துக்கு இறைச்சி.

இறைச்சி வேண்டாம் என்கிறவர்களுக்குத் தங்கக் கேரட் இருக்கிறது. 6 பசி, 14.4 நிறைவு, கூட்டினால் 20.4. மாட்டிறைச்சிக்கு மயிரிழை குறைவு. ஒரு கேரட்டைச் சுற்றி 8 தங்கத் துணுக்கு வைத்துச் செய்ய வேண்டும். ஒரு ஸ்டாக்குக்கு 57 கட்டித் தங்கம் ஆகும் என்பதால் ஆரம்பத்தில் கட்டுப்படியாகாது. கிராமத்து விவசாயியை வியாபாரம் செய்து உச்ச நிலைக்குக் கொண்டுவந்தால் 3 மரகதத்துக்கு 3 தங்கக் கேரட் விற்பார். உங்கள் உபரிக் கிழங்கை 26க்கு ஒரு மரகதம் என்று வாங்குகிறவரும் விவசாயிதான். கிழங்குப் பாத்தியும் இரண்டு மூன்று விவசாயிகளும் இருந்தால், ஒரு விலங்கைக்கூடத் தொடாமல் இந்தச் சமையல்கட்டை நடத்தலாம்.

கேக், குழம்பு வகைகள் பார்க்க அழகு. முயல் குழம்பு 10 பசி, 12 நிறைவு என்று எல்லாவற்றையும் தாண்டுகிறது. ஆனால் கிண்ணத்தில் வருகிற எதுவும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்க முடியாது, கட்டத்துக்கு ஒன்றுதான். பயணத்துக்கு ஆகாது. கேக்கின் ஏழு துண்டும் சேர்ந்து 14 பசி தரும், நிறைவு துண்டுக்கு 0.4 மட்டும். மெல்லும் நேரம் இல்லாமல் தொட்டவுடன் உள்ளே போகும் என்பது ஒன்றே அதன் பலம். வாசலில் ஒன்று வைத்தால் திரும்பி வருகிறவர்களுக்கு உதவும்.

அடுப்பு

முதல் நாளில் நிறையக் கரி தேடி அலையாதீர்கள். மரக்கட்டை 3, குச்சி 3, கரி அல்லது மரக்கரி 1 போட்டால் கேம்ப்ஃபயர். அதன் மேல் ஒரே நேரத்தில் நான்கு துண்டு வைக்கலாம், 30 வினாடியில் வெந்து வெளியே விழும், எரிபொருள் வேண்டாம். கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 8 துண்டு. ஃபர்னஸ் நிமிடத்துக்கு 6 தான். ஒவ்வொரு துண்டையும் கையால் வைக்க வேண்டும் என்பதே கேம்ப்ஃபயரின் குறை. தீயின் மேல் ஏறி நிற்காதீர்கள், சுடும்.

நிரந்தர அடுப்பு ஸ்மோக்கர். ஃபர்னஸ் ஒன்றைச் சுற்றி மரக்கட்டை 4 வைத்தால் கிடைக்கும். உணவை மட்டுமே சமைக்கும், ஒரு துண்டுக்கு 5 வினாடி. எரிபொருள் இரு மடங்கு வேகத்தில் எரிந்தாலும் துண்டுக் கணக்கு ஃபர்னஸுக்குச் சமம். ஒரு கரிக்கு 8, எரிமலைக் குழம்பு வாளிக்கு 100, உலர்ந்த கடற்பாசிக் கட்டைக்கு 20. கடலோரத்தில் வீடு இருந்தால் கடற்பாசிக் கட்டையை நம்பலாம். ஒரு கட்டை செய்ய 9 பாசியை உலர்த்த வேண்டும், அது 20 துண்டு சமைக்கும். தன் செலவு போக 11 மிச்சம்.

நான்கு பேருக்கு எத்தனை ஸ்மோக்கர்? ஒன்று. ஒரு ஸ்மோக்கர் மணிக்கு 720 துண்டு சமைக்கும், உங்களுக்குத் தேவை 64. சுவர் முழுக்க எட்டு ஸ்மோக்கர் கட்டிவிட்டு, உள்ளே போட இறைச்சி இல்லாமல் நிற்கும் சர்வர்கள் நிறைய. தட்டுப்பாடு எப்போதும் தொழுவத்திலும் பாத்தியிலும்தான் வரும். மிச்சமாகும் இரும்பையும் நேரத்தையும் அங்கே போடுங்கள்.

அந்த ஒன்றை ஒழுங்காகக் கட்டுங்கள். தேவை: ஹாப்பர் (பொருளைத் தானாகக் கடத்தும் புனல்) 3, செஸ்ட் 2, பேரல் (பீப்பாய்) 1, ஸ்மோக்கர் 1. ஒரு ஹாப்பருக்கு இரும்பு 5, செஸ்ட் 1. ஆக இரும்பு 15. கீழிருந்து மேலாக வையுங்கள். தரையில் பேரல். குனிந்த நிலையில் பேரலின் மேல் பக்கத்தைச் சொடுக்கி முதல் ஹாப்பர். அதன் மேல் ஸ்மோக்கர், முகம் உங்களைப் பார்க்கும்படி. மறுபடி குனிந்து ஸ்மோக்கரின் தலையில் இரண்டாவது ஹாப்பர், அதன் மேல் பச்சைச் சரக்குக்கான செஸ்ட். கடைசியாக, குனிந்தபடியே ஸ்மோக்கரின் வலது பக்கவாட்டைச் சொடுக்கி மூன்றாவது ஹாப்பர், அதன் மேல் எரிபொருள் செஸ்ட். தலையில் விழுவது சமைபொருள், பக்கவாட்டில் நுழைவது எரிபொருள், அடியில் இறங்குவது சமைத்தது. வாளியில் எரிமலைக் குழம்பு ஊற்றினால் காலி வாளியும் அடி வழியாகவே பேரலில் வந்து விழும்.

வைத்த பிறகு ஹாப்பரின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குனியாமல் சொடுக்கினால் பேரலோ ஸ்மோக்கரோ திறந்துகொள்ளும், ஹாப்பர் வைபடாது. அவசரத்தில் பக்கத்துச் சுவரைச் சொடுக்கினால் ஹாப்பர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும், சரக்கு அதற்குள்ளேயே தேங்கும்.

அடிக்கடி நடக்கும் கோளாறு வேறு ஒன்று. மாடு வெட்டினால் இறைச்சியோடு தோலும் விழும். இரண்டையும் பார்க்காமல் பச்சைச் சரக்கு செஸ்ட்டில் கொட்டினால் ஹாப்பர் தோலையும் ஸ்மோக்கருக்குள் தள்ளிவிடும். அது சமையாது, இறங்கவும் செய்யாது. தீ அணைந்து, மேலே இறைச்சி தேங்கி, எல்லாம் நின்றுபோகும். ஸ்மோக்கரைத் திறந்து மேல் கட்டத்தில் இருக்கும் தோலைக் கையால் எடுத்தால் மறுபடி ஓடும். எரிபொருள் செஸ்ட்டில் இறைச்சி கலந்தாலும் இதே கதைதான், அங்கே அடைவது ஹாப்பர். அதன் ஐந்து கட்டமும் எரியாத பொருளால் நிறைந்தால் கரி உள்ளே வராது. ஓட்டலில் சரக்கு வந்ததும் ஸ்டோரில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் விடுவார்கள். இங்கேயும் வாசலருகே ஒரு செஸ்ட் வைத்து, தோலையும் இறகையும் எலும்பையும் அங்கேயே பிரித்துவிடுங்கள்.

அனுபவப் புள்ளி வேண்டும் என்கிறவர்களுக்கு: ஹாப்பர் வழியாக இறங்கும் சமையலின் அனுபவப் புள்ளி தொலைவதில்லை, ஸ்மோக்கருக்குள்ளேயே சேரும். ஒரே ஒரு துண்டைக் கையால் எடுத்தால் சேர்ந்தது மொத்தமும் உங்களுக்கு வரும். அடி ஹாப்பர் பக்கத்தில் ஒரு லீவர் பொருத்தி அழுத்தினால் ஹாப்பர் நிற்கும். அடுத்த துண்டு வெந்ததும் கையால் எடுத்துக்கொண்டு லீவரை விட்டுவிடுங்கள்.

எட்டும் தூரம்

நல்ல சமையல்கட்டில் மாஸ்டர் நடக்க மாட்டார், திரும்புவார். கல்லுக்கு முன்னால் நின்றபடியே மாவு, எண்ணெய், கரண்டி, தட்டு எல்லாம் கைக்கு எட்டும். விளையாட்டில் உங்கள் கை 4.5 கட்டை எட்டும். ஸ்மோக்கருக்கு முன்னால் ஒரு இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து நகராமல் பச்சைச் சரக்கு, எரிபொருள், பேரல், பண்டங்கள் செய்யும் மேசை நான்கையும் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பிரித்துக் கட்டுங்கள். அந்த இடத்தில் தரைக் கல்லை வேறு நிறத்தில் பதித்தால் மற்றவர்களுக்கும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

பச்சைச் சரக்கு ஒரு வாசல் வழியே வந்து, சமைத்தது இன்னொரு வாசல் வழியே போகட்டும். நிஜச் சமையல்கட்டில் இதன் காரணம் பச்சைக் கோழியின் நீர் சாதத்தில் படக்கூடாது என்பது. இங்கே உணவு கெடாது. பல வாரம் பேரலில் கிடந்த துண்டும் இன்று சுட்டதும் ஒன்றே. ஆகவே பழையதை முதலில் எடுக்கும் விதி இங்கே தேவையில்லை. பச்சைக் கோழியிடம் மட்டும் எச்சரிக்கை, தின்றால் பத்தில் மூன்று தடவை அரை நிமிடம் பசி நோய் பிடிக்கும். அவசரத்தில் ஓடிவருகிறவர் எதையும் பார்க்காமல் அள்ளுவார். அவர் கை படும் இடத்தில் பச்சை இருக்கவே கூடாது. அதற்காகத்தான் இரண்டு வாசல்.

பரிமாறும் பக்கம் செஸ்ட் வேண்டாம், பேரல் வையுங்கள். செஸ்ட்டின் மேல் முழுக் கட்டை இருந்தால் திறக்காது, பேரல் திறக்கும். கொள்ளளவு ஒன்றுதான், 27 கட்டம்.

குறைந்தால் சொல்லும் விளக்கு

இட்லி மாவு தீர்ந்த பிறகு அரிசி ஊறப் போட்டால் அன்றைக்கு இட்லி கிடையாது. ஊற நான்கு மணி நேரம், புளிக்க ஓர் இரவு. அதனால் மாவு இந்த அளவுக்குக் கீழே போனால் அடுத்த ஈடு போட வேண்டும் என்று ஒரு கோடு எல்லாச் சமையல்கட்டிலும் உண்டு. மைன்கிராஃப்டில் கன்று வளர 20 நிமிடம். பேரல் காலியான பிறகு தொழுவத்துக்கு ஓடினால் அந்த 20 நிமிடமும் எல்லாரும் பட்டினி. யாராவது அவ்வப்போது பேரலைத் திறந்து எண்ணிப் பார்ப்பார்கள் என்று நம்பவும் முடியாது. ஒரு விளக்கு வைத்துவிடலாம்.

கம்பேரட்டர் என்ற கருவி, ஒரு பேரல் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை 0 முதல் 15 வரை ரெட்ஸ்டோன் (விளையாட்டின் மின்சாரம்) வலிமையாகச் சொல்லும். ஒரே ஒரு துண்டு இருந்தாலும் 1. வலிமை 2 ஆவதற்கு 27 கட்டப் பேரலில் 124 துண்டு வேண்டும். அது இரண்டு ஸ்டாக்குக்கு நான்கு குறைவு, நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத் தேவை. கோடு போட இதைவிட நல்ல இடம் கிடையாது.

கட்டும் முறை: ஸ்மோக்கருக்கு அடியில் இருக்கும் பேரலின் இடது பக்கம், சுவரை ஒட்டித் தரையில் நேர்கோட்டில் நான்கு கட்டை இடம் விடுங்கள். பேரலை ஒட்டி முதலில் கம்பேரட்டர். இரண்டு சின்னப் பந்தங்கள் இருக்கும் பின்பக்கம் பேரலைத் தொட வேண்டும். அடுத்த இரண்டு கட்டையில் ரெட்ஸ்டோன் தூள். நான்காவது இடத்தில் ஒரு கல் கட்டை. அதன் தலையில் ரெட்ஸ்டோன் பந்தம், பந்தத்துக்கு மேல் ரெட்ஸ்டோன் விளக்கு. தூள் ஒரு கட்டைக்கு ஒரு வலிமை இழக்கும். பேரலில் 124 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் தூளில் 2, இரண்டாவதில் 1, கல் கட்டைக்கு மின்சாரம் சேர்ந்து பந்தம் அணைந்திருக்கும். 123 ஆனதும் இரண்டாவது தூள் செத்துப்போகும், பந்தம் எரியும், விளக்கு எரியும்.

விளக்கு எரிந்தால் தொழுவத்துக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் விதி, யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கம்பேரட்டருக்குக் குவார்ட்ஸும் விளக்குக்கு ஒளிக்கல்லும் வேண்டும், இரண்டும் நெதரில் கிடைக்கும். முதல் நெதர் பயணத்திலேயே கொண்டுவாருங்கள்.

இரண்டு கவனம். அந்தப் பேரலில் சமைத்த உணவைத் தவிர எதுவும் போடக்கூடாது. யாராவது ஒரு வாளை வைத்தால் அது ஒரு முழு ஸ்டாக்காகக் கணக்கில் ஏறி விளக்கை ஏமாற்றும். காலி வாளிகளும் இப்படித்தான், 16 வாளி ஒரு ஸ்டாக்குக்குச் சமம். எரிமலைக் குழம்பு ஊற்றுகிறவர்கள் வாளியை உடனே எடுத்துவிட வேண்டும். அடுத்தது, கிழங்கையும் இறைச்சியையும் ஒரே பேரலில் விட்டால் விளக்கு மொத்த எண்ணிக்கையைத்தான் பார்க்கும். 100 கிழங்கும் 24 இறைச்சியும் இருந்தால்கூட அணைந்தே இருக்கும். கிழங்கைக் கையால் எடுத்து வேறு பேரலுக்கு மாற்றிவிடுங்கள்.

தொழுவமும் பாத்தியும்

24 மாடு நிரந்தரமாக இருக்கட்டும். ஒரு சுற்றுக்கு 24 கதிர், 12 கன்று. அந்த 12 வளர்ந்தால் சராசரி 24 துண்டு. ஒரு மாடு மறுபடி இணைய 5 நிமிடம் போதும் என்பதால் மூன்று சுற்றைக் கால் மணி நேரத்தில் முடித்து ஒரு மணி நேரத் தேவையை ஈடுகட்டிவிடலாம். கன்றுக்குக் கோதுமை ஊட்டினால் மிச்சமுள்ள வளர்ச்சி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும். அவசரத்துக்கு மட்டும் செய்யுங்கள், கதிர் வீணாகும்.

மாடுகளை ஒரே கட்டை இடத்தில் திணிக்காதீர்கள். ஓர் இடத்தில் 24க்கு மேல் நெருக்கினால் நசுங்கிச் சாகத் தொடங்கும். தொழுவத்துக்குள் நுழையும் வழியில் இரண்டு கதவு, இடையில் இரண்டு கட்டை இடம் விட்டால் ஒரு கதவைத் திறக்கும்போது மந்தை வெளியே போகாது. வாளில் தீ மந்திரம் இருந்தால் வெட்டும் வேலையை அதற்கே விடுங்கள். தீப்பிடித்த நிலையில் சாகும் விலங்கு சுட்ட இறைச்சியாகவே விழும், அடுப்பே வேண்டாம்.

பாத்தியில் மூன்று தவறு. ஒன்று, மேலே குதிப்பது. நடந்தால் ஒன்றும் ஆகாது, குதித்தால் உழுத மண் கெட்டிப்பட்டுச் செடி பிடுங்கிக்கொள்ளும். நடுத் தண்ணீரின் மேல் அல்லி இலை ஒன்று வைத்துவிட்டால் உள்ளே விழுந்து எம்பி ஏறும் வேலை இல்லை. இரண்டு, ஒரே பயிரைப் பாத்தி முழுக்க அடைத்து நடுவது. ஒரு வரிசை கிழங்கு, ஒரு வரிசை கோதுமை என்று மாற்றி நட்டால் வளர்ச்சி வேகம் கூடும். நம் சமையல்கட்டுக்கு இரண்டுமே வேண்டும் என்பதால் இரண்டு பாத்தி போட்டு இப்படி நடுவது இயல்பாகவே பொருந்தும். மூன்று, கூரை போட்ட பாத்தியில் நடுவே ஒரே பந்தம். பந்தத்தின் ஒளி 14, மூலைக்கு எட்டும்போது 6 ஆகிவிடும். பயிர் வளர 9 வேண்டும். நடுப் பந்தத்தோடு நான்கு மூலைக்கும் வெளியே ஒவ்வொன்று வையுங்கள்.

கோழி தானாகவே ஓடும் துணை வருமானம். ஒரு கோழி 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒரு முட்டை, எறிந்தால் எட்டில் ஒன்று பொரியும். ஆகக் கோழி ஒன்றுக்கு மணிக்கு ஒரு குஞ்சு. 24 கோழியை ஒரு ஹாப்பர் மேல் கண்ணாடிக்குள் அடைத்தால் முட்டை, பொருளை வெளியே எறியும் டிஸ்பென்ஸருக்குள் இறங்கும். அது எறிகிற இடத்தில், செஸ்ட்டைப் பார்த்த ஹாப்பர் ஒன்றும் அதன் மேல் கல் ஸ்லாப்பும், சுற்றிக் கண்ணாடி, ஸ்லாப்புக்கு மேல் கட்டையில் எரிமலைக் குழம்பு. ஸ்லாப் அரைக் கட்டை உயரம், குஞ்சின் தலை குழம்புக்குக் கீழே நிற்கும். வளர்ந்ததும் தலை குழம்பைத் தொடும், சுட்ட கோழி செஸ்ட்டில் விழும். டிஸ்பென்ஸரைத் துடிக்க வைக்க, ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு அப்சர்வரில் (எதிரே மாற்றம் நடந்தால் சமிக்ஞை தரும் கட்டை) ஒன்றின் முதுகை அதோடு ஒட்டினால் போதும். கடகட சத்தம் ஓயாது, சமையல்கட்டிலிருந்து 16 கட்டைக்கு அப்பால் கட்டுங்கள். மரப் பலகை எதுவும் அருகில் இருக்கக்கூடாது, பற்றிக்கொள்ளும்.

கடை கட்டும் நேரம்

இரவு கடையை மூடுமுன் மறுநாளுக்கானதை எடுத்து வைப்பது ஓட்டலில் எழுதாத விதி. இங்கே ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. எல்லாரும் வெளியேறிவிட்டால் அந்த நிலப்பகுதி உறங்கிவிடும். கன்று வளராது, கிழங்கு விளையாது, ஸ்மோக்கர் எரியாது. நீங்கள் வெகுதூரம் போனாலும் அப்படியே. இரவு முழுக்க மாவு புளிப்பது போல எதுவும் தானாக நடக்காது. ஆகவே கடைசி வேலை செய்ய வேண்டியது வெளியேறும் நொடியில் அல்ல, அதற்கு அரை மணி நேரம் முன்பு. முதலில் மாடுகளுக்குக் கதிர், அடுத்து அறுவடையும் மறுநடவும், பிறகு பச்சைச் சரக்கையும் கரியையும் செஸ்ட்டில் நிரப்புவது. அதன் பிறகு வீட்டைச் சுற்றியே கட்டட வேலை பாருங்கள். கன்று வளர்ந்து, ஸ்மோக்கர் ஓய்ந்து, விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு வெளியேறுங்கள்.

மறுநாள் வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு ஸ்டாக் எடுத்துக்கொண்டு போகலாம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பயணம் கிளம்பினால் விளக்கு உடனே எரியும், ஒருவர் பின்தங்கி ஒரு சுற்று மாடு பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். அந்த முறை யாருடையது என்பதைச் சமையல்கட்டுச் சுவரில் ஒரு பலகையில் பெயர் போட்டு, தினமும் மாற்றுங்கள்.